2018 ஐபிஎல்: மஞ்சள் சட்டை திரும்பி வந்த வருஷம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஐபிஎல் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில், மஞ்சள் சட்டைக்காரர்களான சென்னை சூப்பர் கிங்ஸ் (சிஎஸ்கே) இரண்டு வருஷத் தடை முடிந்து திரும்பி வந்து கோப்பை வென்ற 2018-ல்தான் போய் நிற்கும். அதைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் நான்தான். அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். வாட்சன் ஆடியது நினைவில்லை, புனே ரயில் கதை கேட்டதில்லை, சேப்பாக்கத்தில் ஏன் ஒரே ஒரு ஆட்டம் என்றும் தெரியாது. அண்ணன் மகன், ஆபீஸ் நண்பர்கள், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர் எனப் பலர் கேட்டதையெல்லாம் அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சிஎஸ்கே 2010, 2011-லயே கப் அடிச்சிட்டாங்களே? 2018-ஐ மட்டும் ஏன் இவ்வளவு தூக்கி வெச்சுப் பேசறீங்க?

2010-லும் 2011-லும் அடுத்தடுத்து ஜெயித்தபோது சந்தோஷம் இருந்தது, பதற்றம் அவ்வளவாக இல்லை. வலுவான அணி, நன்றாக ஆடியது, கோப்பை வந்தது. 2011 இறுதிப் போட்டியோ சொந்த ஊரான சேப்பாக்கத்திலேயே நடந்தது.

2018-ல் கதையே வேறு. இரண்டு வருஷம் அணியே கிடையாது. திரும்பி வந்தால் வயதான அணி என்றார்கள். சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம் முடிந்ததும் அதுவும் கை நழுவியது. இத்தனைக்கும் பிறகு கோப்பை வந்தது, அதுவும் ஆட்டத்துக்கு ஒருவர் எழுந்து நின்று காப்பாற்றி. ஒருநாள் பிராவோ, ஒருநாள் பில்லிங்ஸ், ஒருநாள் டூ பிளெசி. இவர்தான் ஜெயித்துக் கொடுத்தார் என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லவே முடியாத கோப்பை அது. எனக்கு அதனால்தான் அவ்வளவு பிடிக்கும்.

ரெண்டு வருஷம் ஏன் ஆடல? பிளேயர்ஸ் ஏதாவது தப்பு பண்ணாங்களா?

தண்டனை அணிக்குத்தான், வீரர்களுக்கு இல்லை. 2013 சீசனில் சென்னை, ராஜஸ்தான் அணிகளின் நிர்வாகத்தோடு தொடர்புடையவர்கள் பந்தயம் கட்டிய விவகாரத்தை விசாரித்த பிறகு, நீதிபதி லோதா குழு 2015 ஜூலையில் இரண்டு அணிகளையும் இரண்டு ஆண்டுகள் இடைநீக்கம் செய்தது. அதனால் 2016, 2017 சீசன்களில் இரண்டு அணிகளும் இல்லை.

வீரர்கள் வேறு அணிகளுக்குப் போனார்கள். தோனி, டூ பிளெசி, அஸ்வின் புனே அணிக்கு. ரெய்னா, ஜடேஜா, பிராவோ குஜராத் லயன்ஸுக்கு. தோனியை வேறு நிறச் சட்டையில் பார்த்தபோது, சித்தப்பாவை வேறொருவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறப் பார்த்த மாதிரி இருந்தது. அவர் நன்றாக ஆடினால் சந்தோஷம்தான், ஆனால் யாருக்காகக் கைதட்டுவது என்று புரியாத சந்தோஷம்.

"டாடீஸ் ஆர்மி"ன்னு ஏன் சொன்னாங்க? நிஜமாவே அவ்வளவு வயசானவங்களா?

ஆமாம், வயது அதிகம்தான். அந்தத் தொடர் நடந்தபோது தோனிக்கு 36, வாட்சனுக்கு 36, ஹர்பஜனுக்கு 37, இம்ரான் தாஹிருக்கு 39, பிராவோவுக்கு 34. டூ பிளெசிக்கும் கேதார் ஜாதவுக்கும் 33. ரெய்னா கூட 30-ஐத் தாண்டிவிட்டார். ஜனவரி கடைசியில் பெங்களூரில் நடந்த ஏலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒவ்வொரு பெயராக வர வர எங்கள் வீட்டில் அமைதி கூடிக்கொண்டே போனது. ஹர்பஜன் 2 கோடி, வாட்சன் 4 கோடி, ராயுடு 2.2 கோடி. "இவங்களை வெச்சு ஃபீல்டிங் எப்படிப் பண்ணுவாங்க?" என்று அண்ணி கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

அந்த ஏலத்தைப் பின்னால் யோசித்துப் பார்த்தால் ஒரு கணக்கு தெரிகிறது. இருபது ஓவர் ஆட்டத்தில் கடைசி நாலு ஓவர்தான் மனிதனை ஆட்டிப் பார்க்கும் இடம். அந்த இடத்தில் ஏற்கெனவே நூறு தடவை நின்றவர்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். கூடவே 80 லட்சத்துக்கு தீபக் சாஹர், 50 லட்சத்துக்கு இங்கிடி, 2.6 கோடிக்கு ஷர்துல் தாக்கூர் என்று ஓடிப்போய்ப் பந்துபோட இளைஞர்களையும் எடுத்தார்கள். பேர்தான் டாடீஸ் ஆர்மி. வேகப்பந்து இளசுகள் கையில் இருந்தது.

அஸ்வினை ஏன் விட்டாங்க? நம்ம ஊர்க்காரர் ஆச்சே!

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. விதியைச் சொன்னால் புரியும். ஏலத்துக்கு முன் தக்கவைப்பது, ஏலத்தில் வேறு அணி கேட்ட விலையையே தருகிறோம் என்று 'ரைட் டு மேட்ச்' அட்டையைக் காட்டிப் பழைய வீரரை மீட்பது, இரண்டும் சேர்த்து ஒரு அணி 5 பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். அதிலும் இந்தியாவுக்கு ஆடிய வீரர்கள் 3 பேருக்கு மேல் கூடாது. சென்னை முன்னாலேயே தோனி (15 கோடி), ரெய்னா (11 கோடி), ஜடேஜா (7 கோடி) மூவரையும் தக்கவைத்துவிட்டது. அந்த 3 அங்கேயே நிறைந்துவிட்டது. மீதி இரண்டு அட்டையும் வெளிநாட்டவர்களான பிராவோவுக்கும் டூ பிளெசிக்கும் போனது.

அஸ்வினை ஏலத்தில் 7.6 கோடிக்குப் பஞ்சாப் எடுத்து கேப்டனும் ஆக்கியது. அந்த அணியிடம் மொஹாலியில் சென்னை 4 ரன்னில் தோற்றது. முதுகுவலியோடு நின்ற தோனி 44 பந்தில் 79 அடித்தும் எட்டவில்லை. அன்று எதிரணிக் கேப்டனாக அஸ்வின் நின்றதைப் பார்த்தபோது தோல்வியின் கசப்பு கொஞ்சம் குறைந்தது என்றே சொல்ல வேண்டும்.

முதல் மேட்ச்லயே தோத்துட்டாங்கன்னு டிவியை அணைச்சிட்டு அப்புறம் வருத்தப்பட்டேன்னு அப்பா சொல்றார். என்ன நடந்துச்சு?

உங்கள் அப்பா மட்டும் இல்லை, தெருவில் பாதிப் பேர் அணைத்தார்கள். ஏப்ரல் 7, வான்கடே. மும்பை 165. சென்னை விக்கெட்டுகளை வரிசையாகக் கொடுத்து, கடைசி 3 ஓவரில் 47 ரன் வேண்டும், எட்டு விக்கெட் போயாயிற்று என்ற நிலை. கேதார் ஜாதவ் தொடைத் தசை பிடித்துக்கொண்டு பாதியில் வெளியேறியிருந்தார்.

பிராவோ ஆரம்பித்தார். மெக்லனகன் போட்ட 18-வது ஓவரில் 20 ரன். பும்ரா போட்ட 19-வது ஓவரிலும் 20 ரன். பும்ராவின் ஓவரில் மூன்று சிக்ஸர் அடிப்பது எந்தக் காலத்திலும் சாதாரண விஷயம் இல்லை. 30 பந்தில் 68 எடுத்து அந்த ஓவரின் கடைசிப் பந்தில் அவுட் ஆனார். இப்போது 6 பந்தில் 7 ரன், கையில் ஒரே விக்கெட்.

நொண்டிக்கொண்டே கேதார் திரும்பி வந்தார். முஸ்தபிசுரின் முதல் மூன்று பந்திலும் ரன் இல்லை. அவரால் ஓட முடியாது, எல்லோருக்கும் தெரியும். நாலாவது பந்தில் உட்கார்ந்த மாதிரி மடங்கி ஃபைன் லெக் பக்கம் தூக்கிவிட்டார், சிக்ஸர். அடுத்தது ஃபோர். ஒரு பந்து மீதி, ஒரு விக்கெட் மீதி. எங்கள் வீட்டில் அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அந்தச் சத்தம் அப்படி. ஆனால் அந்தக் காயத்தோடு கேதாருக்குச் சீசனே முடிந்துவிட்டது. ஒரே ஒரு ஆட்டம் ஆடியவர் அவர். அந்த இரண்டு அடி இல்லையென்றால் ஆரம்பமே வேறாகியிருக்கும்.

சேப்பாக்கத்துல ஒரே ஒரு மேட்ச்தானா? ஏன் அப்படி?

ஆமாம், ஒன்றே ஒன்று. ஏப்ரல் 10, கொல்கத்தாவுக்கு எதிராக.

அந்த வருஷம் பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பைக் கொடுத்து, நடைமுறைப்படுத்த மத்திய அரசுக்கு ஆறு வாரம் அவகாசம் தந்தது. கெடு முடிந்தும் மேலாண்மை அமைப்பு வரவில்லை. தமிழ்நாடே கொதித்தது. டெல்டாவில் தண்ணீர் இல்லாமல் விவசாயி தவிக்கும்போது இங்கே கிரிக்கெட் திருவிழா வேண்டுமா என்று கேட்டார்கள். அண்ணா சாலையில் மறியல், வாலாஜா சாலை முழுக்கப் போலீஸ். ஆட்டத்தின் நடுவே எல்லைக்கோட்டுக்கு அருகே செருப்பு வந்து விழுந்தது. பாதுகாப்புக் காரணத்தால் மீதி ஆறு ஆட்டங்களும் புனேவுக்கு மாற்றப்பட்டன.

என்னிடம் அன்றைய டிக்கெட் இருந்தது. போவதா வேண்டாமா என்று மத்தியானம் வரை யோசித்தேன். என் அம்மா வழி ஊர் தஞ்சாவூர் பக்கம், கேள்வியின் நியாயம் எனக்குத் தெரியும். கடைசியில் போனேன். செருப்பு வீசியது சரியில்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். காவிரிக்காகத் தெருவில் நின்றவர்கள் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை.

அந்த ஒரு மேட்ச் எப்படி இருந்துச்சு?

மூன்று வருஷம் சேர்த்து வைத்த தொண்டை எல்லாம் ஒரே ராத்திரியில் திறந்த மாதிரி இருந்தது. ரஸல் 36 பந்தில் 88 அடித்தார், 11 சிக்ஸர். அதில் ஒன்று கூரையைத் தாண்டி வெளியே போனது. பந்து எங்கே போகிறது என்று எல்லாத் தலையும் ஒன்றாக அண்ணாந்து பார்த்து, பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொல்கத்தா 202. அன்று கொல்கத்தா கேப்டன் நம்ம தினேஷ் கார்த்திக்.

சேஸிங்கில் சாம் பில்லிங்ஸ் 23 பந்தில் 56 அடித்தார். அதுவரை சென்னையில் பாதிப் பேருக்கு அவர் முகம் கூடத் தெரியாது. எனக்கு முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒவ்வொரு அடிக்கும் திரும்பி, "யாருப்பா இந்தப் பையன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவை கேட்டபோது பதிலுக்குக் காத்திருக்கவில்லை, விசிலடிக்கப் போய்விட்டார். கடைசி ஓவரில் 17 வேண்டும். முதல் பந்தை பிராவோ சிக்ஸருக்கு அனுப்ப, அது நோ-பாலாகவும் போனது. ஐந்தாவது பந்தில் ஜடேஜா சிக்ஸர் அடித்து முடித்தார்.

வெளியே வரும்போது யாருக்கும் தெரியாது, அடுத்து இந்த மைதானத்தில் மஞ்சள் சட்டையைப் பார்க்க 2019 மார்ச் 23 வரை காத்திருக்க வேண்டும் என்று.

ரசிகர்களுக்காக தனி ரயிலே விட்டாங்கன்னு சொல்றது உண்மையா, கதையா?

உண்மை. 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று பெயர். ஏப்ரல் 20-ம் தேதி ஆட்டத்துக்காக முந்தின நாளே சென்னை சென்ட்ரலில் இருந்து சுமார் ஆயிரம் ரசிகர்களோடு புனேவுக்குக் கிளம்பியது. ஏற்பாடு அணி நிர்வாகம்.

என் கூட்டாளி ஒருவன் அதில் போனான். பெட்டிக்குப் பெட்டி மஞ்சள், ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, வழியில் நின்ற நிலையங்களில் பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள் என்பான். அன்று எதிரணி ராஜஸ்தான், அதாவது நம்மோடு சேர்ந்து தண்டனை அனுபவித்துத் திரும்பிய அதே அணி. வாட்சன் 57 பந்தில் 106. சென்னை 64 ரன்னில் ஜெயித்தது. புனே மைதானம் அன்றைக்குச் சேப்பாக்கம் மாதிரியே சத்தம் போட்டதை டிவியில் பார்த்து என் கண் கலங்கிவிட்டது.

புனேக்காரர்களையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு தோனி இரண்டு வருஷம் சொந்தமாக இருந்தவர். அந்தப் பாசம் மஞ்சள் சட்டைக்கும் கிடைத்தது. கடைசி ஆட்டம் முடிந்ததும் அங்குள்ள மைதான ஊழியர்களுக்கு ஆளுக்கு 20,000 ரூபாய் கொடுத்து, தோனியோடு எடுத்த படத்தையும் கொடுத்து விடைபெற்றது அணி.

சென்னை டீம்ல தமிழ்ப் பசங்களே இல்லையே, அப்புறம் எப்படி அது நம்ம டீம்?

அஸ்வின் பதிலை மேலே சொல்லிவிட்டேன். அந்த வருஷம் அணியில் இருந்த தமிழ்நாட்டுக்காரர்கள் முரளி விஜய்யும் ஜெகதீசனும். விஜய்க்கு ஒரே ஒரு ஆட்டம்தான் கிடைத்தது, ஜெகதீசனுக்கு அதுவும் இல்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். வாஷிங்டன் சுந்தர் பெங்களூரில், விஜய் சங்கர் டெல்லியில், நடராஜன் ஹைதராபாத்தில் என்று நம்ம பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருந்தார்கள், இங்கேதான் குறைவு.

ஆனால் ஒரு ஊர் யாரை ஏற்றுக்கொள்கிறது என்பது பிறந்த சான்றிதழைப் பார்த்து நடப்பதில்லை. ராஞ்சிக்காரர் தோனியை 'தல' என்றோம், உத்தரப் பிரதேசத்துக்காரர் ரெய்னாவை 'சின்ன தல' என்றோம். அந்த வருஷம் பஞ்சாப்காரர் ஹர்பஜன் தமிழிலேயே ட்வீட் போட ஆரம்பித்தார். சினிமா வசனம், பஞ்ச், கவிதை என்று கலந்து கட்டி அடிப்பார். யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று பேசிக்கொண்டோம். எழுதியது யாராக இருந்தால் என்ன, காலையில் எழுந்ததும் "பஜ்ஜி இன்னைக்கு என்ன போட்டிருக்கார்?" என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பத்து வருஷம் மும்பை நீலத்தில் நம் விக்கெட்டை எடுத்தவர் அவர்.

பெங்களூர் மேட்ச்னு எல்லாரும் பேசறாங்களே, அது எது?

ஏப்ரல் 25, சின்னசாமி மைதானம். டிவில்லியர்ஸ் 30 பந்தில் 68. பெங்களூர் 205. பதிலுக்குச் சென்னை 9 ஓவரில் 74-க்கு 4 விக்கெட். மீதி 11 ஓவரில் 132 வேண்டும். தோனி உள்ளே வந்தார், எதிர்முனையில் ராயுடு.

இருவரும் சேர்ந்து 54 பந்தில் 101 எடுத்தார்கள். ராயுடு 53 பந்தில் 82, தோனி 34 பந்தில் ஆட்டமிழக்காமல் 70. கடைசி ஓவரில் 16 வேண்டும். பிராவோ ஃபோர், சிக்ஸ், சிங்கிள் என்று எடுத்துக் கொடுக்க, தோனி கோரி ஆண்டர்சனைச் சிக்ஸர் அடித்து முடித்தார். மொத்த ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து 33 சிக்ஸர்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது சிக்ஸர்கள் இல்லை. 74-க்கு 4 ஆன பிறகு வந்த தோனி அவசரமே படவில்லை. தேவையான வேகம் ஏறிக்கொண்டே போகிறது, அவர் ஒன்று, இரண்டு என்று எடுக்கிறார். ராயுடு அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, எந்தப் பந்து வீச்சாளருக்குக் கடைசியில் ஓவர் மிச்சம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. "முடிஞ்சு போச்சு, தோனிக்கு வயசாயிடுச்சு" என்று 2017 முழுக்கக் கேட்ட எங்களுக்கு அந்த ராத்திரி போதும். அந்தத் தொடரில் அவர் எடுத்தது 455 ரன்.

ராயுடுவை இவ்வளவு புகழறாங்க, அவர்தான் டாப் ஸ்கோரரா?

சென்னைக்கு அவர்தான், 602 ரன். தொடருக்கே அதிகம் எடுத்தவர் ஹைதராபாத் கேப்டன் வில்லியம்சன், 735 ரன், ஆரஞ்சு தொப்பி அவருக்கு. அதிக விக்கெட்டுக்கான ஊதாத் தொப்பி 24 விக்கெட் எடுத்த பஞ்சாபின் ஆண்ட்ரூ டைக்கு. சென்னைக்கு இரண்டில் ஒன்றும் கிடைக்கவில்லை, கோப்பை மட்டும் கிடைத்தது.

லீக்ல எத்தனை தோத்தாங்க?

ஐந்து. பஞ்சாப், மும்பை, கொல்கத்தா, ராஜஸ்தான், டெல்லி என்று ஆளுக்கு ஒன்று. 9 வெற்றி, 18 புள்ளி, இரண்டாம் இடம். ஹைதராபாத்துக்கும் 18-தான், ரன் விகிதத்தில் அவர்கள் மேலே.

ஒரு மேட்ச்ல ஹர்பஜனையும் சாஹரையும் தோனி முன்னாடி பேட்டிங் அனுப்பினாரே, ஏன்? பைத்தியக்காரத்தனமா இல்லையா?

மே 20, புனே, பஞ்சாப் ஆட்டம். இதில் நுணுக்கம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இங்கிடி 10 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுக்க, பஞ்சாப் 153. சென்னை ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது. பஞ்சாபுக்கு வெறும் வெற்றி போதாது, 53 ரன் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும், அதாவது சென்னையை 100-க்குள் நிறுத்தியாக வேண்டும். அதற்கு அவர்கள் தங்கள் நல்ல பந்து வீச்சாளர்களை எல்லாம் முன்னாலேயே கொட்டித் தீர்க்க வேண்டும்.

27-க்கு 3 விழுந்ததும் தோனி வரவில்லை. ஹர்பஜன் வந்தார், பிறகு சாஹர் வந்தார். முக்கியமான மட்டையாளர்களைப் பின்னால் வைத்துக்கொண்டு, அந்தக் கொதிக்கும் ஓவர்களை இவர்கள் சாப்பிட்டுவிட்டார்கள். சாஹர் 20 பந்தில் 39 அடித்ததில் பஞ்சாபின் திட்டம் கலைந்தது. ரெய்னா ஆட்டமிழக்காமல் 61 எடுக்க, சென்னை ஜெயித்தது. பஞ்சாப் வெளியேறி, நாலாவது இடம் ராஜஸ்தானுக்குப் போனது. டெஸ்ட் ஆட்டத்தில் மாலை நேரத்தில் முக்கிய மட்டையாளரைக் காப்பாற்ற, 'இரவுக் காவலர்' என்று ஒரு பந்து வீச்சாளரை முன்னால் அனுப்புவார்களே, அந்தப் பழைய யோசனையை இருபது ஓவரில் வைத்துப் பார்த்தார்.

டூ பிளெசி ஒரு மேட்ச்ல தனியா ஜெயிச்சுக் கொடுத்தார்னு சொல்றாங்களே?

மே 22, வான்கடே, முதல் தகுதிச் சுற்று, ஜெயித்தால் நேரே ஃபைனல். ஹைதராபாத் 139-தான். சுலபம் என்று நினைத்தோம். 62-க்கு 6. ரஷித் கான் 4 ஓவரில் 11 ரன் மட்டும் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். கடைசி 3 ஓவரில் 43 வேண்டும் என்று வந்து நின்றது.

தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய டூ பிளெசி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பிராத்வெய்ட் ஓவரில் 20 ரன் வந்தது. அடுத்து கௌல் ஓவரில் 17, அதில் ஷர்துல் தாக்கூரின் மட்டை பேசியது. 5 பந்தில் 15 எடுத்தார். கடைசி ஓவர் முதல் பந்தை டூ பிளெசி புவனேஷ்வர் தலைக்கு மேல் சிக்ஸர் அடித்தார். 42 பந்தில் 67. தனியாக என்று சொல்வது ஷர்துலுக்கு அநியாயம். அந்த 15 ரன் இல்லாமல் இந்த 67-க்கு மதிப்பே வந்திருக்காது.

ஃபைனல்ல வாட்சன் பத்து பந்து சும்மா நின்னாராமே? அவ்வளவு டென்ஷனா?

மே 27, மறுபடி வான்கடே. ஹைதராபாத் 178. புவனேஷ்வரின் முதல் ஓவரில் ரன்னே இல்லை. வாட்சன் பத்துப் பந்து ஆடி பூஜ்யம். பதினோராவது பந்தில்தான் கணக்கைத் தொடங்கினார். மீதி 47 பந்தில் 117 ரன். மொத்தம் 57 பந்தில் ஆட்டமிழக்காமல் 117. ரெய்னாவோடு சேர்ந்து அவர் எடுத்ததும் 117. சந்தீப் ஷர்மாவின் ஒரே ஓவரில் 27 ரன் போனது.

அது வெறும் பதற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. புவனேஷ்வரும் ரஷித்தும் சேர்ந்து 8 ஓவரில் 41 ரன்தான் கொடுத்தார்கள், ஆனால் விக்கெட் எதுவும் எடுக்கவில்லை. அந்த இருவருக்கும் மரியாதை கொடுத்துவிட்டு, மற்றவர்களின் பத்தரை ஓவரில் 140 ரன் எடுத்தார்கள். ஐந்து நாள் முன்னால் ரஷித்திடம் பட்ட பாடம் அது, போன பதிலில் சொன்னேனே. ராயுடு ஃபோர் அடித்து முடிக்கும்போது 9 பந்து மீதி, 8 விக்கெட் மீதி.

ஃபைனல்ல ஹர்பஜனை உக்கார வெச்சிட்டு கர்ண் ஷர்மாவை எடுத்தது சரியா?

எடுத்த அன்று எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு அனுபவத்தை வெளியே வைப்பதா என்று இருந்தது. ஆனால் வில்லியம்சன் 47-ல் நன்றாக நிலைத்து நின்றபோது கர்ண் ஷர்மாவின் லெக் ஸ்பின்னுக்கு இறங்கி வந்தார், பந்து ஏமாற்றியது, தோனி ஸ்டம்பை எடுத்துவிட்டார். அவர் இன்னும் நாலு ஓவர் நின்றிருந்தால் 178 எங்கே போயிருக்கும்?

கர்ண் ஷர்மாவைப் பற்றி இன்னொன்று. 2016-ல் கோப்பை வாங்கிய ஹைதராபாத்தில் இருந்தார், 2017-ல் மும்பையில், 2018-ல் சென்னையில். மூன்று வருஷம், மூன்று அணி, மூன்று கோப்பை.

எல்லாம் லக்கு! ஹைதராபாத்தான் அந்த வருஷம் பெஸ்ட் டீம். நாலு தடவையும் சென்னை எப்படியோ தப்பிச்சது, ஒத்துக்கோங்க!

ஹைதராபாத் அருமையான அணி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 118 எடுத்துவிட்டு மும்பையை 87-க்குச் சுருட்டினார்கள். 132 எடுத்துப் பஞ்சாபைத் தடுத்தார்கள். அப்படி ஒரு பந்துவீச்சு அந்த வருஷம் வேறு யாரிடமும் இல்லை.

ஆனால் நாலு ஆட்டத்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஹைதராபாத்தில் 4 ரன் வெற்றி, அது நெருக்கம்தான். வில்லியம்சன் 84 அடித்துக் கிட்டே கொண்டுவந்துவிட்டார். மே 22 ஆட்டம், மேலே சொன்னேன், அதுவும் நெருக்கம். மற்ற இரண்டு? மே 13-ல் புனேயில் 180 ரன்னை 2 விக்கெட்டுக்கு எடுத்தார்கள், ராயுடு சதம், வாட்சனோடு சேர்ந்து தொடக்கத்திலேயே 134. இறுதிப் போட்டியில் 181 ரன்னை அதே 2 விக்கெட்டுக்கு எடுத்தார்கள். இரண்டுமே 8 விக்கெட் வெற்றி. இரண்டு தடவை மயிரிழை, இரண்டு தடவை முழு ஆதிக்கம். இதற்கு லக்கு என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

ஹைலைட்ஸ் பாக்கணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

இறுதிப் போட்டியில் ஆரம்பிக்காதீர்கள். முதல் ஆட்டத்தின் கடைசி மூன்று ஓவரைப் பாருங்கள், பிறகு சேப்பாக்கத்தில் பில்லிங்ஸ், பெங்களூரில் ராயுடுவும் தோனியும், அப்புறம் டூ பிளெசி. இவை எல்லாம் பார்த்த பிறகு இறுதிப் போட்டிக்கு வாருங்கள்.

அதையும் ஆட்டம் முடிந்ததோடு நிறுத்திவிடாதீர்கள். கோப்பையை வாங்கிய தோனி அதை மற்றவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய்விடுவார். எல்லோரும் தாள் மழையில் குதித்துக்கொண்டிருக்க, அவர் மகள் ஸிவாவோடு மைதானத்தில் இருப்பார். அந்தக் காட்சி வரும்போது எங்கள் வீட்டில் இன்றும் யாராவது ஒருவர், "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு" என்பார்கள்.